பழுது நீங்கி வந்த திசு ஆக்சிமீட்டர்: வாங்கலாமா?

கேபிள் மாற்றப்பட்டுத் திசு ஆக்சிமீட்டர் எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் திரும்பியதைக் கேள்விப்பட்ட மயக்கவியல் நண்பர், தம் மருத்துவமனைக்கும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். நாடித்துடிப்பை நம்பாமல், அண்மை அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, தசையின் நுண்குழாய்களில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் கருவி இது என்பது அவருக்கே தெரியும். எனவே நேரே குறைக்கு வருகிறேன்.

சென்சார் ஒட்டுவதில்லை. கட்டைவிரலின் அடிமேட்டில் ஒட்ட வேண்டிய அது, வெதுவெதுப்பான உலர்ந்த கையில் பாந்தமாக உட்காருகிறது. ரத்த ஓட்டம் குன்றி உறுப்புகள் ஆக்சிஜனுக்குத் தவிக்கும் ஷாக் நிலையில் இருப்பவருக்கோ கை சில்லிட்டு வியர்த்திருக்கும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, அழுத்தி ஒட்டினாலும் ஓரம் மெல்ல எழும்பி, அறை வெளிச்சம் உள்ளே புகுந்து, திரையில் எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள் நிற்கின்றன. ஒரே முறை பயன்படுத்தக்கூடிய அந்த விலையுயர்ந்த பொருளைச் செவிலியர்கள் மைக்ரோபோர் டேப் சுற்றிக் காப்பாற்றுகிறார்கள். யாருக்காகச் செய்த கருவியோ அவர்கள் கையிலேயே ஒட்டாத பசையை எப்படித்தான் தேர்ந்தெடுத்தார்களோ!

ஆயினும் ஒட்டிய வேளைகளில் அது சொல்வதை அலட்சியம் செய்ய இயலாது. விபத்தில் ரத்தம் இழந்தவரின் ரத்த அழுத்தம் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும்போதே, நலமுள்ளவர்களிடம் சராசரியாக 87 சதவீதம் இருக்கும் இந்தத் திசு ஆக்சிஜன் அளவு 75க்குக் கீழே இறங்கி எச்சரிப்பதுண்டு. கிருமித்தொற்றால் உடலே நிலைகுலையும் செப்சிஸ் முற்றி வரும் செப்டிக் ஷாக்கில் அந்த எண் பல நேரம் நல்ல பிள்ளையாக நடிக்கும். அங்கே கைகொடுப்பது, மேற்கையில் பிபி கஃப்பை 3 நிமிடம் இறுக்கி விடுவிக்கும் சோதனை: நலமுள்ளவரின் வரைகோடு செங்குத்தாக ஏறி, பழைய அளவையும் தாண்டி, பிறகு அடங்கும், செப்சிஸில் தயங்கித் தயங்கி ஏறும். ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தான நார் அட்ரினலினைக் கூட்டி, சராசரி தமனி அழுத்தம் வழக்கமான இலக்கான 65ஐத் தொட்டதும் நிம்மதியடையும் பயிற்சி மருத்துவர்களுக்கு அழுத்தம் தேறினாலும் நுண்குழாய்கள் தேறவில்லை என்று சொல்லும் அந்தத் தயக்கத்தைக் காட்டுவதைவிடச் சிறந்த பாடம் இல்லை என்பேன்.

ஆனால் செப்டிக் ஷாக் நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியான ஆன்ட்ரோமெடா ஷாக் ஆய்வில், விரல் நுனியைக் கண்ணாடித் துண்டால் 10 விநாடி அழுத்தி, நிறம் திரும்பும் நேரத்தைப் பார்த்து நடத்திய சிகிச்சை, திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்டைப் பார்த்து நடத்தியதற்குச் சளைக்கவில்லை. அதற்குப் பசையும் வேண்டாம், காசும் வேண்டாம்.

ஆகவே வாங்க வேண்டாம் என்றே நண்பருக்குச் சொன்னேன். அப்படியானால் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்கள் என்றார். தருவதாக இல்லை, அடுத்த சென்சார் பெட்டிக்கு இண்டென்ட்டும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.