வந்தேறிப் பாம்பின் ஒட்டுண்ணி: ஃபுளோரிடாவும் கிரான் கனேரியாவும்

தெற்கு ஃபுளோரிடா தீவன்று என்றாலும், தீவுகள் அஞ்ச வேண்டியது அங்கேதான் நிகழ்ந்திருக்கிறது. பர்மிய மலைப்பாம்புகளோடு வந்த ரைலியெட்டியெல்லா ஓரியண்டாலிஸ் என்னும் ஆசிய ஒட்டுண்ணி, நுரையீரலைக் கொக்கிகளால் பற்றி இரத்தம் உறிஞ்சுகிறது. கரப்பான், தவளை, பல்லி ஆகியவற்றின் வழியே பரவி, அதற்குப் பழகாத உள்நாட்டுப் பாம்புகளுக்குள் புகுந்து, சிறிய பிக்மி கிலுகிலுப்பைப் பாம்புகளைக் கொல்லவும் செய்கிறது. மலைப்பாம்பே எட்டாத பகுதிகளுக்கும் அது பரவிவிட்டதால், இனி மலைப்பாம்பை ஒழித்தாலும் ஒட்டுண்ணி ஒழியாது.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் இயற்கையான பாம்பினம் ஒன்றுகூட இல்லை. ஆகவே அவற்றுள் ஒன்றான கிரான் கனேரியாவில் வந்தேறிப் பெருகிய கலிபோர்னிய அரசப்பாம்பின் ஒட்டுண்ணி தாவுவதற்கு உள்நாட்டுப் பாம்பினம் அங்கே இல்லை. அத்தீவின் ராட்சதப் பல்லிகளை அழிப்பது அரசப்பாம்பின் வாய்தான். எனினும் பல்லிகளையும் பற்றக்கூடிய ஒட்டுண்ணிகள் உண்டு என்பதால், பிடிபடும் அரசப்பாம்புகளை அறுத்துச் சோதிப்பதை அங்கே தளர்த்தலாகாது.