பாஸ்போர்ட்டா, பிறப்புச் சான்றிதழா?

குடியுரிமை விண்ணப்பத்தில் அடையாளச் சான்று கேட்கும் பக்கம் வந்ததும் பலர் தயங்குகிறார்கள். பாஸ்போர்ட்டை வைப்பதா, பிறப்புச் சான்றிதழோடு ஒரு போட்டோ அட்டையை வைப்பதா?

முகம்: பாஸ்போர்ட்டில் படம் உண்டு, வேலை முடிந்தது. சான்றிதழில் கிடையாது, அந்தக் குழந்தை நீங்கள்தான் என்று சொல்ல இன்னொரு அட்டை வேண்டும்.

ஆயுள்: பாஸ்போர்ட் பெரும்பாலும் 10 ஆண்டுகள். சான்றிதழ் பொதுவாகக் காலாவதியாகாது, ஆனால் அண்மையில் எடுத்த நகலைக் கேட்கும் அலுவலகங்களும் உண்டு.

செலவு: சான்றிதழ் மலிவுதான். மொழிபெயர்ப்பு, அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு உறுதிப்படுத்துவது) என்று சேரும்போது அந்த மலிவு காணாமல் போய்விடும்.

பெயர்: சிக்கலே இங்கேதான். பாஸ்போர்ட்டில் படமுள்ள பக்கத்தின் அடியில், இயந்திரம் படிப்பதற்காக 44 எழுத்திடங்கள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும். நீளமான பெயர் அதில் வெட்டுப்படும். அதைப் பார்த்து எழுதாதீர்கள்; மேலே அச்சிட்டிருப்பதையே எழுதுங்கள். சான்றிதழிலோ பிறந்தபோது வைத்த பெயர்தான். திருமணத்துக்குப் பின் மாற்றியிருந்தால், இடையிலுள்ள திருமணச் சான்றிதழையும் சேர்த்து வைக்க வேண்டும்.

செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கையில் இருந்தால் அதையே வையுங்கள். பெற்றோர் வழியாகக் குடியுரிமை கேட்பவருக்குச் சான்றிதழ் இல்லாமல் நடக்காது. பெற்றோர் யார் என்பதற்கு அதுதானே சான்று! அகதிகள் பாஸ்போர்ட்டுக்காகச் சொந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போய் நிற்க வேண்டாம். 1951 அகதிகள் உடன்படிக்கைப்படி தரப்படும் பயண ஆவணத்தை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள்.