லண்டன்–டோக்கியோ: தூரம் மாறவில்லை, நேரம்தான் மாறிவிட்டது

2017-லிருந்து வேலை நிமித்தமாக லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் பறந்துகொண்டிருக்கிறேன். தேதி முடிவானதும், இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் தூரமும் பறக்கும் நேரமும் காட்டும் தளம் ஒன்றைத் திறந்துவிடுவது என் பழக்கம். இத்தனை வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்: தூரத்தை நம்பலாம், நேரத்தை நம்ப வேண்டாம்.

தூரம் சுமார் 9,600 கி.மீ. எந்தத் தளத்தில் பார்த்தாலும் சில பத்து கிலோமீட்டர்தான் முன்னே பின்னே இருக்கும். ஒன்று ஊரின் நடுவிலிருந்து அளக்கும், இன்னொன்று விமான நிலையத்திலிருந்து. உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் கோடு அது, சைபீரியா மேலாகப் போகும். அதை மணிக்கு 850 கி.மீ. என்று வகுத்து, ஏற இறங்க அரைமணி சேர்த்தால் 12 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2022 வரை கிட்டத்தட்ட அப்படியேதான் ஆனது. அதனால்தான் ஏமாந்தேன்.

அந்த வருஷம் பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. ஜப்பானிய நிறுவனங்களும் அந்தப் பக்கம் போவதை நிறுத்தின. நானோ டிக்கெட் கைக்கு வருமுன்பே, தளம் காட்டிய நேரத்தை நம்பி, இறங்கிய இரண்டாவது மணி நேரத்தில் ஒரு மீட்டிங்குக்கு ஒத்துக்கொண்டிருந்தேன். பயணம் 14 மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

போகும்போது துருக்கி, காஸ்பியன் கடல், மத்திய ஆசியா, சீனா. வேடிக்கை திரும்பும்போதுதான். மேற்கே இருக்கிற லண்டனுக்கு விமானம் வடகிழக்கே கிளம்பி, பசிபிக், அலாஸ்கா, ஆர்க்டிக், கிரீன்லாந்து என்று உலகத்தின் தலையைச் சுற்றி வரும். முன்சீட் திரையில் விமானப் படம் அமெரிக்கா பக்கம் திரும்பியதைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் தன் போர்டிங் பாஸை எடுத்து இன்னொரு தடவை படித்தார். காரணம் காற்று. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து அடிக்கும் ஜெட் ஸ்ட்ரீம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதுண்டு, அதை எதிர்த்து முட்டுவதைவிடச் சுற்றுவதே மேல். அப்படியும் பதினாலரை மணி நேரம் ஆகிறது.

டோக்கியோவில் காலை 10 மணிக்கு ஏறினால் அதே நாள் மாலை 3:30-க்கு லண்டன். இது குளிர்காலக் கணக்கு, இரண்டு ஊருக்கும் 9 மணி நேர வித்தியாசம், கோடையில் 8. நடுவில், பசிபிக்கில் நாள் மாறும் தேதிக்கோட்டைத் தாண்டுவதால், அலாஸ்கா மேலே போகும்போது கீழே நேற்று ராத்திரி 11 மணி. தூங்குவதா, சாப்பிடுவதா என்று உடம்புக்கே புரியாது.

இப்போது தளத்தில் தூரத்தை மட்டும் பார்க்கிறேன். நேரத்துக்கு, விமானங்களை நேரலையில் காட்டும் ஆப்பில் அதே விமானம் போன வாரம் எவ்வளவு நேரம் பறந்தது என்று போக, வரத் தனித்தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். ரஷ்யா மேலே இன்னும் பறக்கும் சீன விமானங்களும் இருக்கின்றன, ஆனால் அவற்றில் போனால் நடுவில் இறங்கி மாற வேண்டும், எனக்குச் சரிப்படவில்லை.

தளத்தின் வரைபடத்தில் அந்தக் கோடு மட்டும் இன்னும் சைபீரியா மேலேதான் போகிறது.