செருப்புக்குள் கூழாங்கல்: மதுரையில் பார்த்த கால் வைத்தியம்

லண்டனில் எட்டு மாதமாகவே வலது பாதத்தில், மூன்றாம் நான்காம் விரல்களுக்கு நடுவே சுருக்கென்று இழுக்கும். ஷூவைக் கழற்றித் தேய்த்துவிட்டால் அடங்கிவிடும் என்பதால் தள்ளிப்போட்டு வந்தேன். மதுரையில் அண்ணன் மகள் கல்யாணத்தன்று முனை குறுகிய புதுச் செருப்போடு நாள் முழுக்க நின்றேன். ராத்திரி காலை ஊன்ற முடியவில்லை. உள்ளங்காலில் கூழாங்கல் சிக்கிய மாதிரி இருந்தது. இரண்டு விரலும் மரத்துப்போய் எரிந்தன.

முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே மட்டும் எடுத்தார்கள். "நரம்பை வெட்டி எடுத்துடலாம், நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்றார்கள். பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு எங்கே தெரியும்? லீவு குறைவு என்று தெரிந்துகொண்டு இப்படி அவசரப்படுத்தியதில் எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் வேறொரு எலும்பு டாக்டர் முன்பாதத்தை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து, விரலிடுக்கில் அழுத்தினார். உள்ளே 'டக்'கென்று ஏதோ நகர்ந்தது, உயிர் போனது. அன்று சாயங்காலமே அல்ட்ராசவுண்டில் உறுதியானது: மார்ட்டன்ஸ் நியூரோமா. "புற்றுநோய்க் கட்டியெல்லாம் இல்லம்மா. விரலுக்குப் போற நரம்பைச் சுத்தித் தடிச்சிருக்கு. மொதல்ல செருப்பை மாத்துங்க. கேக்கலைன்னா ஸ்டீராய்டு ஊசி. ஆபரேஷன் கடைசிதான்" என்றார். நரம்பை எடுத்தால் அந்த விரலிடுக்கு நிரந்தரமாக மரத்துப்போகும், வெட்டிய முனையே சிலருக்கு மறுபடி வலிக்கும் என்பதையும் மறைக்கவில்லை. எனக்குச் சர்க்கரை உண்டு. ஊசி போட்டால் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்கூட்டியே சொன்னார்.

எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பு தைக்கும் தம்பியிடம் அனுப்பினார். சர்க்கரை நோயாளிகளுக்கு நம்மூரில் காலங்காலமாகத் தைத்துத் தரும் அதே மெத்துச் செருப்பு. "அக்கா, வலிக்கிற எடத்த விரல வச்சுக் காட்டுங்க" என்று அங்கே நீல மை தொட்டு, காகிதத்தின்மேல் நிற்கச் சொன்னார். மை பட்ட இடத்தில் மெத்தை வைப்பார் என்று நினைத்தேன். அதற்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக ஒட்டினார். அங்கே தூக்கிக் கொடுத்தால்தான் முன்னெலும்புகள் விலகி நரம்புக்கு இடம் கிடைக்குமாம். லண்டனில் நானே வாங்கி ஒட்டிய பேடு நேராக வலிக்குக் கீழே இருந்தது. வலி கூடியதற்குக் காரணம் அன்றுதான் புரிந்தது.

முன்பக்கம் அகலமான அந்தச் செருப்போடு ஆறு வாரம் ஆகிறது. எரிச்சல் பாதிக்குமேல் குறைந்திருக்கிறது, மரப்பு மட்டும் இன்னும் இருக்கிறது. ஊசி தேவையா என்று இங்கே லண்டனில் கேட்க ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.