புண்ணாக்கா, கலியாண்ட்ரா இலையா? மாட்டின் மீத்தேனைக் குறைக்க மலைநாட்டுக்குத் தோதானது எது

தீவனத்தில் உள்ள சக்தியில் 2 முதல் 12 சதவீதம் வரை மீத்தேன் வாயுவாக மாறி வீணாகிறது, அதுவும் பெரும்பாலும் ஏப்பத்தில்தான். இந்த வாயுவால் சூடாகும் பூமியைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு, ஆனால் மழையில் நனைந்து சுமந்து வந்த புல்லில் ஒரு பங்கு காற்றில் போவதையும் பொறுக்க முடியவில்லை.

அஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி சில ஆய்வுகளில் மீத்தேனை 80 சதவீதம் வரை குறைத்திருக்கிறது. இலங்கை மலைநாட்டில், எங்கள் ஹட்டன் பக்கம் அதை எங்கே போய் வாங்குவது? விடுங்கள்.

தேங்காய்ப் புண்ணாக்கு நல்ல சாமான்தான். அதில் மிஞ்சியிருக்கும் எண்ணெயின் லோரிக் அமிலம் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை அடக்கும், மாடும் ஆசையாகத் தின்னும். மொத்தத் தீவனத்தில் கொழுப்பு 6, 7 சதவீதத்தைத் தாண்டினால் நார் செரிக்காது, அது ஒன்றைக் கவனித்தால் போதும்.

அப்புறம் ஏன் நான் கலியாண்ட்ரா என்ற தீவன மரத்தின் இலைக்கு மாறினேன்? இந்த வைத்தியம் எதுவானாலும் தொடர்ந்து கொடுத்தால்தான் பலன், நிறுத்தினால் இரைப்பை பழையபடி ஆகிவிடும். புண்ணாக்கோ காசு கொடுத்து வாங்குவது, மாதக் கடைசியில் மூட்டை காலியானால் அடுத்த பால் காசு வரும்வரை மாட்டுக்கு வெறும் புல்தான். விலை ஏறினால் அதுவும் நம் தலையில்தான். மே மாதத்திலிருந்து அடிக்கும் மழையில் கொட்டிலில் வைத்த மூட்டை பூஞ்சணம் பிடித்தால் அஃப்லாடொக்சின் நஞ்சு பாலுக்கே வரலாம், அதை மாட்டுக்குப் போட மனம் வராது. கலியாண்ட்ராவை வேலியோரம் நட்டுவிட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும், தடித்த கிளை அடுப்புக்கு ஆகும். இலையில் புரதம் நிறைய, டானின் என்ற துவர்ப்புப் பொருளும் நிறைய, மீத்தேனைக் குறைப்பது அந்த டானின்தான். அதே டானின் மிஞ்சினால் புரதத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட விடுவதில்லை. வாடினால் மாடு சரியாகத் தின்னாது, ஆகவே தினமும் வெட்ட வேண்டும். இதற்கு ஆள் வேண்டும், அது மட்டும்தான் செலவு.

மீத்தேனை அளக்கும் கருவி என் கொட்டிலில் இல்லை, பால் குறையவில்லை, சாணம் இறுகவில்லை, அந்த அளவுக்குத்தான் என் சாட்சி. நான் கொடுப்பது கறவை மாட்டுக்கு மட்டும், கன்றுக்கும் ஆட்டுக்கும் அளவு கேட்டால் கால்நடை வைத்தியரிடம்தான் அனுப்புவேன். நுவரெலியாவில் உறைபனி விழும் பள்ளங்களில் இந்த மரம் கருகிவிடும், அங்கே இருப்பவர்கள் புண்ணாக்கையே பாருங்கள், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி உடனே தீர்த்துவிடுங்கள்.