தாடை மூட்டு ஒட்டிக்கொண்டால்: விலா எலும்பா, செயற்கை மூட்டா?

மேலூரில் என் அக்கா மகன் நாலு வயதில் திண்ணையிலிருந்து விழுந்தான், மோவாயில் நல்ல அடி. ஏழு வயதில் அவன் வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையவில்லை. இட்லியைப் பாலில் கரைத்துப் பல்லிடுக்கில் ஊட்டினோம். தாடை எலும்பு மண்டையோட்டோடு ஒட்டிவிட்டது. ஒட்டியதை வெட்டி எடுத்து இடைவெளி உண்டாக்க வேண்டும். சரி, அந்த இடத்தில் எதை வைப்பது?

செலவு: விலா எலும்பு சொந்த உடம்பிலிருந்தே வருகிறது.
செயற்கை மூட்டு டைட்டானியம் போன்ற உலோகமும் பாலிஎத்திலீனும் சேர்ந்தது. சிடி ஸ்கேன் பார்த்து அளவெடுத்துச் செய்தால் செலவு இன்னும் ஏறும்.

வெட்டு: விலாவுக்கு மார்பிலும் ஒரு தழும்பு.
செயற்கைக்கு அது இல்லை.

வளர்ச்சி: பிள்ளைகளுக்கு இதுதான் முக்கியம். விலாவின் குருத்தெலும்பு பிள்ளையோடு சேர்ந்து வளரக்கூடும். சில பேருக்கு அளவு மீறி வளர்ந்து முகம் கோணலாவதும் உண்டு, வருடக்கணக்கில் கவனிக்க வேண்டும்.
உலோகம் வளரவே வளராது.

மறுபடி ஒட்டும் பயம்: விலாவில் அதிகம், செயற்கையில் குறைவு.

பயிற்சி: எதை வைத்தாலும் வாய் திறக்கும் பயிற்சியை விடக்கூடாது. ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, நாளுக்கு நாள் ஒவ்வொன்றாகக் கூட்டுவோம். பிள்ளை அழுவான், மனசு தாங்காது. ஆனாலும் பல மாதம் செய்தே ஆக வேண்டும்.

வளரும் பிள்ளைக்கு விலா. வளர்ச்சி முடிந்தவருக்கும், ஒருமுறை அறுவை செய்தும் திரும்ப ஒட்டியவருக்கும் செயற்கை மூட்டு. எங்கள் பையனுக்கு விலாதான் வைத்தார்கள்.