கேட்பதா, பதில் சொல்வதா: மாண்டரின் பேசப் பழக இரண்டு ஒலிப்பாடங்கள்

வேலைக்காகச் சிங்கப்பூர் வந்த இரண்டாம் ஆண்டில் மாண்டரின் பேசப் பழகுவதென்று முடிவு செய்தேன். மாலை வகுப்புக்குப் போக நேரம் வாய்க்கவில்லை. எஞ்சியவை இணையவழி ஒலிப்பாடங்கள்தாம். அவற்றுள் பிம்ஸ்லர், சைனீஸ்பாட் ஆகிய இரண்டுக்கும் பணம் கட்டிப் பழகியிருக்கிறேன். முன்னதில் முதல் இரண்டு நிலைகளை, அதாவது 60 பாடங்களை, முடித்துவிட்டேன். பின்னதில் ஏறத்தாழ ஓராண்டு, தொடக்க நிலைப் பாடங்களையும் இடைநிலையில் சிலவற்றையும் கேட்டேன். இன்று நான் சந்தா செலுத்துவது பிம்ஸ்லருக்கு மட்டும்தான். இரண்டுமே ஆங்கில வழியில் கற்பிப்பவை, இரண்டையும் கைபேசியிலேயே கேட்கலாம், சீன எழுத்துகளை வாசிக்கப் பழகுவதற்கு இரண்டையுமே நம்பியிருக்க முடியாது என்பதால் அந்தப் பேச்சை இத்துடன் விட்டுவிடலாம்.

சைனீஸ்பாட் 2005ஆம் ஆண்டு ஷாங்காயில் தொடங்கப்பட்டது. ஒரு பாடம் என்பது ஒரு சிறிய உரையாடல். டாக்சியில் இடம் சொல்வது, வாடகை பேசுவது, அலுவலகத்தில் விடுப்புக் கேட்பது போன்ற ஏதேனும் ஒரு சூழல். தொகுப்பாளர்கள் இருவர் அதை வரிவரியாகப் பிரித்து, ஒரு சொல்லை எங்கே சொல்லலாம், எங்கே சொன்னால் சிரிப்பார்கள் என்பதுவரை பேசிக்கொண்டே போவார்கள். நிலை உயர உயர அவர்களுடைய பேச்சில் ஆங்கிலம் குறைந்து மாண்டரின் கூடும். பாடங்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் வேண்டியதை வேண்டிய வரிசையில் எடுத்துக்கொள்ளலாம்.

பிம்ஸ்லரில் அந்தச் சுதந்திரம் இல்லை. மாண்டரினுக்கு ஐந்து நிலைகள், நிலைக்கு 30 பாடங்கள், பாடத்துக்கு அரை மணி நேரம். ஒன்றை முடித்துத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். இதை வகுத்த பால் பிம்ஸ்லர் அமெரிக்க மொழியியல் பேராசிரியர். புதிதாகக் கற்ற ஒரு சொல்லை 5 நொடியில் ஒருமுறை, பிறகு 25 நொடியில், பிறகு 2 நிமிடத்தில், பிறகு 10 நிமிடத்தில் என்று விரிந்துகொண்டே போகும் இடைவெளிகளில் நினைவுகூரச் செய்தால் அது மனத்தில் தங்கும் என்று 1967இல் வெளியான கட்டுரை ஒன்றில் அவர் எழுதினார். பாடங்கள் இன்றும் அந்த முறையில்தான் நடக்கின்றன. ஆனால் என்னைப் பிம்ஸ்லர் பக்கம் சாய்த்தது இந்த நினைவுக் கணக்கு அன்று. ஒலிப்பதிவில் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும் மௌனம்தான் காரணம்.

“சர்க்கரை வேண்டாம் என்று சொல்லுங்கள்” என்று ஆங்கிலக் குரல் பணிக்கிறது. பிறகு சில நொடிகள் ஒன்றும் ஒலிக்காது. அந்த நேரத்தில் நான் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். நான் சொல்லி முடித்த கையோடு, சீனக் குரல் அதே வாக்கியத்தைச் சரியாகச் சொல்கிறது. என் பிழையும் சரியான ஒலியும் அடுத்தடுத்துக் காதில் விழுவதால், எங்கே பிசகினேன் என்பது யாரும் விளக்காமலே தெரிந்துவிடுகிறது. சைனீஸ்பாட்டில் நான் கேட்ட பாடங்களில் நானே நிறுத்தி, நானே சொல்லிப் பார்த்து, மீண்டும் ஓடவிட வேண்டியிருந்தது. முதல் வாரம் அப்படிச் செய்தேன். பிறகு சுவையான உரையாடலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இந்த மௌனம் ஏன் அவ்வளவு தேவை என்பதை ஒரு சோயா பால் கடையில்தான் உணர்ந்தேன். மாண்டரினில் நான்கு தொனிகளும் தொனியற்ற அசையும் உண்டு என்பது முதல் நாளே எல்லாரும் படிக்கும் செய்தி. ‘தாங்’ என்பதை உயர்ந்த சமநிலைக் குரலில் சொன்னால் சூப்பு. கீழிருந்து மேலேற்றிச் சொன்னால் சர்க்கரை. மேலிருந்து வெட்டி இறக்கினால் ‘கொதிக்கும் சூடு’. இதைத் தாளில் எழுதச் சொன்னால் அன்றே பிழையின்றி எழுதியிருப்பேன். ஆனால் உணவங்காடி நிலையத்தில் வரிசையில் நின்று, சர்க்கரை வேண்டாம் என்பதற்காக ‘பூ யாவ் தாங்’ என்று சொன்னபோது, தமிழில் ‘வேண்டாம்’ என்று முடிக்கையில் குரல் இறங்குவதைப் போலவே கடைசி அசையை இறக்கிவிட்டேன். கடைக்கார ஆன்ட்டி ஒரு கணம் யோசித்துவிட்டு, அடுப்பிலிருந்த பாத்திரத்தை விட்டுக் குளிர்பெட்டியைத் திறந்து, நன்றாக இனித்த சில்லென்ற சோயா பால் ஒன்றை நீட்டினார். அவர்மேல் தவறில்லை, சூடு வேண்டாம் என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

தமிழில் குரலின் ஏற்ற இறக்கம் வாக்கியத்தின் உணர்ச்சிக்கு உரியது. கேள்வி கேட்டால் இறுதியில் ஏற்றுகிறோம், மறுத்தால் இறக்குகிறோம். மாண்டரினிலோ அது முதலில் சொல்லுக்குச் சொந்தம். கேள்வி என்று காட்ட வாக்கியத்தின் இறுதியில் ‘மா’ என்ற அசையைச் சேர்த்தால் போதும். நம் வழக்கப்படி கடைசிச் சொல்லைத் தூக்கினால் ‘விற்பது’ ‘வாங்குவது’ போல் ஒலிக்கும் ஆபத்து உண்டு. இந்தப் பழக்கம் அறிவில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. விளக்கம் கேட்டு அது மாறுவதாக எனக்குத் தெரியவில்லை. நூறு முறை தவறாகச் சொல்லி நூறு முறையும் உடனே சரியானதைக் கேட்டபோதுதான் சற்று மாறியது.

மூச்சொலி விஷயமும் இதே கதைதான். ‘தூஸ்’ என்பதை நாம் இயல்பாகச் சொல்வதுபோல் மூச்சின்றிச் சொன்னால் வயிறு. த-வுக்குப் பின் காற்றை வெளியே தள்ளிச் சொன்னால் முயல். தமிழருக்கு வயிறு எளிது, முயல்தான் பிடிபடாது. பிம்ஸ்லர் நீண்ட சொற்களைக் கடைசி அசையிலிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டு வருவதால் ஒவ்வோர் அசையும் தனியே காதில் விழுகிறது, மூச்சு வரும் இடமும் புலப்படுகிறது. நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. மாண்டரினின் ‘ர’ நாவை வளைத்துச் சொல்வது. நம் ழகரத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. என்னுடன் வேலை செய்யும் பிற நாட்டவர் தடுமாறும் இடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதற்குத்தான்.

சைனீஸ்பாட் முந்தும் இடங்களையும் சொல்ல வேண்டும். எம்ஆர்டி ரயிலில் உரக்கப் பேச முடியாது. முணுமுணுத்து ஒப்பேற்றலாம் என்றால், கிசுகிசுப்பில் குரல்நாண்கள் அதிர்வதில்லை, ஆகவே தொனியே எழாது. பிம்ஸ்லர் பாடத்தை ரயிலில் கேட்பது வீண் என்பது என் அனுபவம். அதற்காகவே காலையில் பூங்கா இணைப்புப் பாதையில் அரை மணி நேரம் நடக்கத் தொடங்கினேன், எதிரே வருபவர்கள் என்ன நினைத்தாலும் சரி என்று. பயண நேரம் மட்டுமே கைவசம் இருப்பவருக்குச் சைனீஸ்பாட் பொருந்தும். சொல்வளமும் அதில்தான் அதிகம். தாழ்ந்து ஒலிக்கும் மூன்றாம் தொனி இருமுறை அடுத்தடுத்து வந்தால், அவற்றுள் முந்தியது மேலேறும் இரண்டாம் தொனியாக மாறுவது போன்ற விதிகளைப் பெயர் சொல்லி விளக்குவதிலும் அதுவே மேல். பிம்ஸ்லர் அதைக் காதுக்கே விட்டுவிடுகிறது.

ஆங்கில வழி என்பது குறையாகத் தோன்றலாம். ஆனால் பிம்ஸ்லரின் ஆங்கிலப் பணிப்பைக் கேட்டதும் மனத்துக்குள் தமிழுக்கு மாற்றிக்கொண்டால் சில வாக்கியங்கள் எளிதாகின்றன. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதன் சொல்வரிசை மாண்டரினில் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில்தான் புத்தகம் முன்னால் ஓடிவிடும். வினைச்சொல் செயப்படுபொருளுக்கு முன் வந்துவிடும் சாதாரண வாக்கியங்களில் இந்த உபாயம் பலிக்காது.

இரண்டிலும் நான் கேட்டது சீனத்தின் பொதுப்பேச்சே. டாக்சிக்கு இங்குள்ள சீனர்கள் ‘தேஷி’ என்பார்கள், சந்தைக்கு மலாய் மொழியின் ‘பாசார்’ வழி வந்த ‘பாஷா’ என்பார்கள். இவற்றைச் சக ஊழியர்களிடம்தான் கற்றேன்.

பிம்ஸ்லரின் மேல்நிலைகளை நான் தொட்டதில்லை, சைனீஸ்பாட்டின் மேல்நிலைப் பாடங்களையும் கேட்டதில்லை. ஆகவே இவ்வளவும் தொடக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே பொருந்தும். மூன்றாம் நிலையை முடித்ததும் சைனீஸ்பாட்டுக்கு ஆறு மாதம் மீண்டும் பணம் கட்டலாம் என்றிருக்கிறேன், ரயில் நேரத்துக்காக. சோயா பாலைப் பொறுத்தவரை, ஆன்ட்டி இப்போது நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சர்க்கரை இல்லாததை எடுத்துவிடுகிறார். என் தொனி தேறிவிட்டதா என்று அந்தக் கடையில் சோதிக்க வழியில்லை.